டிவி பார்த்தால் மூளை மழுங்குமா? அப்பாவைப் பற்றி ஒரு கேள்வி

#1 சாத்தூரான் | 4 ஜூன், இரவு 10:42

வணக்கம். பல வருஷமாக இந்தப் பக்கம் வாசிப்பதோடு சரி, எழுதியதில்லை. இப்போது வீட்டில் ஒரு சங்கடம், அதனால் கேட்கிறேன்.

அப்பாவுக்கு 67 வயது. ராஜபாளையம் பக்கம் நூல்மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அம்மா போன பிறகு அண்ணன் வீட்டில் இருக்கிறார். காலை ஆறு மணிக்குப் பக்திப் பாடலில் ஆரம்பித்து, செய்தி, பழைய படம், மதியத்திலிருந்து சீரியல், ராத்திரி பதினொன்றுக்கு மறுபடி செய்தி. சாப்பாட்டுத் தட்டும் டிவி முன்னால்தான். சவுண்ட் தெருமுனை வரைக்கும் கேட்கும்.

முன்பெல்லாம் சாயங்காலமானால் டீக்கடையில் பழைய மில்காரர்களோடு உட்கார்ந்துவிட்டு வருவார். ஒரு வருஷமாக அதுவும் நின்றுவிட்டது. கூப்பிட்டால் திரும்புவதில்லை. ஒன்று கேட்டால் வேறொன்று சொல்கிறார். போன வாரம் அண்ணி "மாமா, காப்பி வேணுமா?" என்று கேட்டதற்கு, "சாவியா? எங்கிட்ட ஏது?" என்றாராம். அண்ணி பயந்துபோய் எனக்கு போன் செய்துவிட்டார்.

இதற்கிடையில் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி சுற்றுகிறது. டிவி பார்க்கும்போது மூளை தூங்கும்போது செய்வதைவிடக் குறைவாகத்தான் வேலை செய்கிறதாம், 30 விநாடியில் மயக்க நிலைக்குப் போய்விடுமாம். அண்ணன் அதைப் படித்துவிட்டு, கேபிளை வெட்டிவிடலாம் என்கிறார். செய்வதா வேண்டாமா? அந்தச் செய்தி உண்மையா?

#2 டிவியில்லா வீடு | 4 ஜூன், இரவு 11:15

வெட்டுங்கள் தம்பி. யோசிக்கவே வேண்டாம்.

எங்கள் வீட்டில் டிவி இல்லாமல் ஒன்பது வருஷம் ஆகிறது. மூத்தவள் பத்து வயதிலேயே தடித்தடியான நாவல் வாசிக்கிறாள். இதே டிவி இருந்தால் வாசிப்பாளா? அதை ஏன் "முட்டாள் பெட்டி" என்றார்கள்? சும்மாவா?

உங்கள் அப்பா விஷயத்தில் அறிகுறி தெளிவாக இருக்கிறது. மறதி, குழப்பம், ஆட்களோடு பழகாமை, மூன்றும் வந்துவிட்டன. இன்னும் தள்ளிப்போடாதீர்கள்.

#3 பழைய ஆன்டெனா | 5 ஜூன், காலை 7:03

டிவியில்லா வீட்டாரே, ஒன்பது வருஷம் டிவி பார்க்காத நீங்கள் ராத்திரி பதினொன்றே காலுக்கு எதைப் பார்த்து இதைத் தட்டச்சு செய்தீர்கள்? 🙂

நான் தூத்துக்குடிக்காரன். எண்பதுகளில் எங்கள் தெருவுக்கே ஒரு டிவி. மரச் சட்டம் போட்டு, ஷட்டர் வைத்து, பூட்டும் சாவியும் உண்டு. அந்த வீட்டம்மா சாவியை இடுப்பில் செருகியிருப்பார். சென்னை ஒளிபரப்பு எங்களுக்கு எட்டாது, கடலுக்கு அந்தப் பக்கமிருந்து இலங்கை டிவி ரூபவாஹினிதான் வரும். மொட்டைமாடியில் ஒருவன் ஆன்டெனாவைத் திருப்ப, கீழே இருந்து இன்னொருவன் "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம், ஐயோ போச்சு" என்று கத்துவான். சிங்களத்தில் என்ன சொல்கிறார்கள் என்று புரியாமலே செய்தி முடியும் வரை உட்கார்ந்திருப்போம். மூளை மழுங்குவதாக இருந்தால் அப்போதே மழுங்கியிருக்க வேண்டும். வங்கியில் 34 வருஷம் கணக்குப் பார்த்துவிட்டுத்தான் ஓய்வு பெற்றேன்.

சாத்தூராரே, மனைவியை இழந்த மனுஷனிடமிருந்து டிவியையும் பிடுங்கினால் அவருக்கு மிச்சம் என்ன இருக்கிறது? அதை முதலில் யோசியுங்கள்.

#4 அளவுகோல் | 5 ஜூன், காலை 9:40

அந்த வாட்ஸ்அப் செய்தியின் மூலம் எங்கே இருக்கிறது என்று சொல்கிறேன். கொஞ்சம் நீளும்.

1969ல் அமெரிக்காவில் ஹெர்பர்ட் க்ருக்மன் என்ற ஆய்வாளர் ஒரு சோதனை செய்தார். ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் மக்கள் கருத்து ஆய்வு பார்த்தவர். அவருக்கு மூளையைப் பற்றிய கவலையே கிடையாது. பத்திரிகை விளம்பரத்துக்கும் டிவி விளம்பரத்துக்கும் ஆட்கள் கொடுக்கும் கவனம் எப்படி வேறுபடுகிறது என்பதுதான் அவருடைய கேள்வி. தலையின் பின்பக்கம் ஒரு மின்முனையை ஒட்டி மூளை அலைகளைப் பதிவு செய்தார். பத்திரிகை வாசித்தபோது வேகமான அலைகள் கூடின, டிவி பார்த்தபோது மெதுவான அலைகள் கூடின. 1971ல் ஒரு விளம்பர ஆய்விதழில் கட்டுரையாக வந்தது.

சோதனைக்கு உட்பட்டவர் எத்தனை பேர் என்று நினைக்கிறீர்கள்? ஒருவர். 22 வயதுச் செயலாளர் பெண் ஒருவர். அரை நூற்றாண்டாக உலகம் முழுக்க "30 விநாடியில் மயக்கம்" என்று சுற்றிக்கொண்டிருப்பது அந்த ஒரே பெண்ணின் தலையிலிருந்து வந்தது.

அதிலும் இந்தக் கதைகளில் பெரிதாகப் பேசப்படுவது ஆல்ஃபா என்ற அலை. கண்ணை மூடி அமைதியாக உட்கார்ந்தால் எல்லோருக்கும் வருவதுதான். அது வந்தால் மூளை செத்துவிட்டது என்று அர்த்தமில்லை. "தூக்கத்தைவிடக் குறைவு" என்பதோ இன்னும் அபத்தம். தூக்கத்தில் மூளை சும்மா இருப்பதாக யார் சொன்னது? கனவு காணும் கட்டத்தில் விழித்திருக்கும்போது போலவே பரபரப்பாக இருக்கும்.

2004ல் உரி ஹாசன் என்ற மூளை ஆய்வாளரும் அவர் குழுவினரும் ஐந்து பேரை ஸ்கேன் கருவிக்குள் படுக்கவைத்து அரை மணி நேரம் ஒரு சினிமாப் படத்தைக் காட்டினார்கள். தனித்தனியாகப் பார்த்தும், மூளையின் மேற்பரப்பில் ஏறத்தாழ 30 சதவீதப் பகுதி அத்தனை பேருக்கும் ஒரே தாளத்தில் ஏறி இறங்கியது. முகம் வரும்போது முகத்தை அறியும் பகுதி, கை வேலை செய்யும்போது அதற்கான பகுதி. மயங்கிக் கிடக்கும் மூளை இப்படி இருக்காது.

ஆக, அந்தச் செய்தி பொய். ஆனால் "டிவியால் கெடுதலே இல்லை" என்று நான் சொன்னதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அது வேறு கேள்வி.

#5 டிவியில்லா வீடு | 5 ஜூன், மதியம் 1:22

ஒரு பெண்ணை விடுங்கள். ஜப்பானில் செண்டாய் நகரத்துப் பல்கலைக்கழகம் 2013ல் வெளியிட்டதைப் பாருங்கள். 5 முதல் 18 வயது வரை 133 பையன்கள், 143 பெண்கள். டிவி அதிகம் பார்த்த பிள்ளைகளின் மூளை அமைப்பிலேயே மாற்றம் தெரிந்தது, மொழித்திறன் மதிப்பெண்ணும் குறைவு. ஸ்கேன் எடுத்துக் கண்ணால் பார்த்தது. இதற்கு என்ன பதில்?

அப்புறம், நான் கணினியில்தான் எழுதுகிறேன். பழைய ஆன்டெனா சார் கிண்டலை விட்டுவிட்டு விஷயத்துக்கு வரலாம்.

#6 அளவுகோல் | 5 ஜூன், மாலை 6:10

நல்ல ஆய்வுதான், மறுக்கவில்லை. ஆனால் அதில் என்ன மாற்றம் தெரிந்தது என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்கள். டிவி அதிகம் பார்த்த பிள்ளைகளுக்கு நெற்றிப் பக்கத்து மூளையில் சாம்பல் பொருள் (நரம்பு செல்கள் நிறைந்த திசு) கூடுதலாக இருந்தது. "மூளை சுருங்கிவிட்டது" என்று நம்மூரில் சொல்வதற்கு நேர் எதிர். வளரும் வயதில் தேவையற்ற இணைப்புகள் கத்தரிக்கப்பட்டு அந்தப் பகுதி மெலிய வேண்டும். அது தாமதமாகிறதோ என்பது அவர்களுடைய ஊகம். செடியில் வேண்டாத கிளையை வெட்டாமல் விட்டது மாதிரி.

பிரச்சினை என்னவென்றால், எந்த வீட்டில் பிள்ளை நாள் முழுக்க டிவி பார்க்கிறது? அப்பா அம்மா இருவரும் வேலைக்குப் போய், தாத்தா பாட்டியும் பக்கத்தில் இல்லாத வீட்டில். மதிப்பெண் குறைந்தது டிவியாலா, பேச ஆளில்லாததாலா? ஒரே ஸ்கேனை வைத்துக்கொண்டு இரண்டையும் பிரிப்பது கஷ்டம்.

பிரிப்பதற்கு ஒரு வழி உண்டு. டிவி ஓர் ஊருக்கு முன்னால், இன்னோர் ஊருக்குப் பின்னால் என்று தற்செயலாக வந்த இடங்களைப் பார்ப்பது. அமெரிக்காவில் 1948 முதல் 1952 வரை புதிய நிலையங்களுக்கு உரிமம் கொடுப்பதை நிறுத்தி வைத்திருந்தார்கள். அதனால் சில ஊர்களுக்கு டிவி சில வருஷம் பிந்தி வந்தது. ஜென்ட்ஸ்கோ, ஷபீரோ என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் அந்த ஊர்ப் பிள்ளைகள் 1965ல் எழுதிய தேர்வு மதிப்பெண்களை ஒப்பிட்டார்கள். சின்ன வயதில் டிவி பார்த்தவர்கள் பின்தங்கவில்லை, மயிரிழை முன்னால்தான் இருந்தார்கள். வீட்டில் ஆங்கிலம் பேசாத பிள்ளைகளுக்கும் தாய் அதிகம் படிக்காத பிள்ளைகளுக்கும் லாபம் இன்னும் கூடுதல்.

அதே முறையில் நார்வேயில் கேபிள் பரவியதை ஆராய்ந்தால் முடிவு தலைகீழ். கேபிள் வந்த ஊர்ப் பையன்கள் பிற்பாடு ராணுவச் சேர்க்கையில் எழுதும் அறிவுத் தேர்வில் குறைவாக வாங்கினார்கள். வாசிப்பு குறைந்ததுதான் காரணமாக இருக்கலாம் என்கிறார்கள்.

ஆக, டிவி எதை இடம்பெயர்த்துவிட்டு உட்கார்ந்தது என்று பார்க்க வேண்டியிருக்கிறது. ஒன்றுமில்லாத இடத்தில் வந்து உட்கார்ந்தால் லாபம், புத்தகத்தைத் தள்ளிவிட்டு உட்கார்ந்தால் நஷ்டம். உங்கள் மகள் வாசிப்பது டிவி இல்லாததால் மட்டுமல்ல, வீட்டில் தடித்தடியான நாவல் இருப்பதாலும்தான்.

(டிவி மூளையை நேரடியாகத் தாக்கிய சம்பவம் வேண்டுமென்றால் ஒன்று இருக்கிறது. 1997 டிசம்பர் 16, ஜப்பான். போக்கிமான் கார்ட்டூனில் சிவப்பும் நீலமும் விநாடிக்குச் சுமார் 12 தடவை மாறி மாறி மின்னியது. சில விநாடிதான். 600க்கும் மேற்பட்ட பிள்ளைகளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள், சிலருக்கு வலிப்பே வந்தது. ஒளிக்கு வலிப்பு வரும் உடல்வாகு உள்ளவர்களுக்கு அப்படி ஆகும். நம் சீரியல்களில் கன்னத்தில் விழும் ஒரு அறைக்கு மூன்று தடவை வெள்ளை மின்னலடிப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இது ஞாபகம் வரும்.)

#7 கவின் அம்மா | 5 ஜூன், இரவு 9:31

இழைக்குள் புகுந்து வேறு கேள்வி கேட்பதற்கு மன்னிக்கவும். என் பையனுக்கு 2 வயது 1 மாதம். டிவியில் பாட்டு போட்டால்தான் வாயைத் திறப்பான், இல்லாவிட்டால் ஒரு வாய்ச் சோறு உள்ளே போகாது. ஆங்கிலப் பாட்டு எல்லாம் முழுசாகப் பாடுகிறான், நிறம் எல்லாம் ஆங்கிலத்தில் சொல்கிறான். ஆனால் "தண்ணி வேணும்" என்று கேட்கத் தெரியவில்லை. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் ஃபிரிட்ஜைக் காட்டுகிறான். மாமியார் "ஆம்பளப் பிள்ளை லேட்டாத்தான் பேசும்" என்கிறார். பயமாக இருக்கிறது.

#8 நாவும் செவியும் | 6 ஜூன், காலை 6:55

கவின் அம்மா, நான் பேச்சு மற்றும் கேட்டல் துறையில் 16 வருஷமாக இருக்கிறேன். நீங்கள் எழுதியதை வாரத்துக்கு நாலு அம்மாக்கள் என் எதிரே உட்கார்ந்து அப்படியே சொல்கிறார்கள். அதனால் முதலில் உங்களை நீங்களே திட்டிக்கொள்வதை நிறுத்துங்கள்.

பாட்டை ஒப்பிப்பதும் பேசுவதும் வேறு வேறு. பேச்சு என்பது கொடுத்து வாங்குவது. அவன் ஒரு சத்தம் எழுப்ப, நீங்கள் திரும்பிப் பார்த்துப் பதில் சொல்ல, அதற்கு அவன் இன்னொன்று சொல்ல. டிவி பேசிக்கொண்டே இருக்கும், அவன் பேசுவதற்காக நிற்காது. அமெரிக்காவில் பட்ரீஷியா கூல் என்பவர் 2003ல் வெளியிட்ட சோதனை எங்கள் துறையில் எல்லோருக்கும் தெரியும். ஒன்பது மாதக் குழந்தைகளுக்கு சீன மொழியைப் பழக்கினார்கள். ஒரு குழுவுக்கு நேரில் ஆள் உட்கார்ந்து விளையாட்டுக் காட்டிப் பேசினார். இன்னொரு குழுவுக்கு அதே ஆள், அதே பேச்சு, ஆனால் டிவித் திரையில். நேரில் கேட்ட குழந்தைகள் அந்த மொழியின் ஒலிகளைப் பிரித்தறிந்தன. திரையில் பார்த்தவை ஒன்றும் கற்கவில்லை.

இன்னொன்று யாரும் கவனிக்காதது. குழந்தை பார்க்காவிட்டாலும் டிவி சும்மா ஓடிக்கொண்டிருக்கிறது பாருங்கள், அது நம் வாயை மூடுகிறது. குழந்தைகளின் சட்டையில் ஒலிப்பதிவுக் கருவி வைத்து எண்ணியிருக்கிறார்கள். டிவி சத்தம் கேட்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் பெரியவர்கள் பேசும் சொற்கள் சுமார் 770 குறைகின்றன. குழந்தை இழப்பது அந்தச் சொற்களைத்தான்.

இரண்டு வயது வரை திரையே வேண்டாம், ஐந்து வயது வரை ஒரு மணி நேரத்துக்குள் என்பது இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் சொல்வது. ஒரே நாளில் நிறுத்தினால் வீடு போர்க்களமாகும். முதலில் ஒரு வேளைச் சாப்பாட்டை மட்டும் டிவி இல்லாமல் ஆரம்பியுங்கள். மொட்டைமாடி, காக்கா, பக்கத்து வீட்டு நாய், எது கிடைக்கிறதோ அதைக் காட்டி ஊட்டுங்கள். மூன்று நாள் கம்மியாகச் சாப்பிடுவான், அப்புறம் பசி வேலை செய்யும். ஆனால் இதோடு விட்டுவிடாதீர்கள். 2 வயதில் இரண்டு சொல் சேர்த்துப் பேசாவிட்டால் காது பரிசோதனையும் பேச்சு மதிப்பீடும் அவசியம். டிவி மேல் பழி போட்டுவிட்டு வேறு காரணத்தைக் கோட்டைவிடுவதை நிறையப் பார்த்துவிட்டேன்.

சாத்தூரான் அண்ணா, உங்களிடமும் ஒரு கேள்வி. அப்பா மில்லில் எந்தப் பகுதியில் இருந்தார்? எத்தனை வருஷம்? டிவி சவுண்ட் எத்தனையில் வைப்பார்? போனில் நீங்கள் பேசினால் புரிகிறதா, இல்லை அண்ணனிடம் கொடுத்துவிடுகிறாரா?

#9 சுன்னாகத்தான் | 6 ஜூன், பிற்பகல் 2:48

பழைய ஆன்டெனா ஐயா, நீங்கள் எங்கட ரூபவாஹினியைப் பார்த்துக்கொண்டு இருந்தீர்கள், நாங்கள் யாழ்ப்பாணத்தில் தூரதர்ஷனைப் பார்த்துக்கொண்டு இருந்தோம். கடல் இரண்டு பக்கமும் ஆன்டெனாவைத் திருப்பி வைத்திருக்கிறது.

டிவி இல்லாமல் வளர்ந்தால் மூளை கூர்மையாகும் என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்பு வரும். 1990க்குப் பிறகு எங்களுக்கு மின்சாரமே இல்லை, வருஷக்கணக்காக. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, மிதியைச் சுற்றி, டைனமோவில் வானொலி கேட்போம். ஒருவர் சுற்ற மற்றவர்கள் கேட்பது. கை வலித்தால் ஆள் மாறும், பாட்டு இழுபடும். குப்பி விளக்கில் படித்தோம். படித்தவன் படித்தான், இடம்பெயர்ந்து அலைந்ததில் படிப்பை விட்டவன் விட்டான். டிவி இல்லாதது எங்கட மூளைக்கு என்ன செய்தது என்று எப்படிக் கணக்கெடுப்பது? மற்றது எல்லாம் சேர்ந்தல்லவா நடந்தது.

இப்ப டொராண்டோவில் என் அம்மா நாள் முழுக்கத் தமிழ்ச் சீரியல் பார்க்கிறார். வெளியில் ஆறு மாதம் பனி. மொழி தெரியாது. அவருக்கு அந்தப் பெட்டிக்குள் இருப்பவர்கள்தான் அயலட்டை. நிறுத்தச் சொல்ல எனக்கு மனம் வரேல்லை.

#10 பொன்மணி | 6 ஜூன், மாலை 5:20

டிவி ஒழிக என்று சொல்பவர்களைக் கொஞ்சம் கவனியுங்கள். பெரும்பாலும் நினைத்த நேரத்தில் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போக முடிந்தவர்கள்.

எங்கள் ஊரில் 2006க்குப் பிறகு கலர் டிவி இலவசமாக வந்தபோது, "பொம்பளைங்க கெட்டுப்போகப் போறாங்க" என்று திண்ணையில் உட்கார்ந்து பேசினார்கள். 2001 முதல் 2003 வரை இந்தியக் கிராமங்களில் கேபிள் வந்ததை ஜென்சன், ஆஸ்டர் என்ற இருவர் ஆராய்ந்திருக்கிறார்கள், தமிழ்நாடும் அதில் உண்டு. கேபிள் வந்த ஊர்களில் "புருஷன் அடிப்பது நியாயம்தான்" என்று சொல்லும் பெண்கள் குறைந்தார்கள், ஆண் பிள்ளைதான் வேண்டும் என்பவர்களும் குறைந்தார்கள். மூளைக்குள் இதுவும்தானே நடக்கிறது? இதை யாரும் ஸ்கேன் எடுப்பதில்லை.

சீரியலில் மாமியார் விஷம் வைப்பதையும் பார்த்தார்கள்தான். நகரத்துப் பெண்கள் வேலைக்குப் போவதையும் பார்த்தார்கள்.

#11 டிவியில்லா வீடு | 6 ஜூன், மாலை 6:02

அந்தச் சீரியலால் கெட்ட குடும்பங்களை எண்ணினால் விடிந்துவிடும். வேண்டுமென்றே உணர்ச்சிவசப்படுத்துகிறீர்கள். கேட்ட கேள்வி முதியவரைப் பற்றி. 60 வயதுக்கு மேற்பட்ட ஒன்றரை லட்சம் பேரை வைத்து எடுத்த ஆய்வு இருக்கிறது. டிவி அதிகம் பார்த்தவர்களுக்கு டிமென்ஷியா, அதாவது மறதி நோய், அதிகம். இதை உங்கள் அளவுகோல் எப்படி அளக்கப் போகிறது என்று பார்ப்போம்.

#12 நெறியாளர் | 6 ஜூன், மாலை 6:30

ஆட்களை விட்டுவிட்டு விஷயத்தைப் பேசுங்கள்.

#13 சாத்தூரான் | 6 ஜூன், இரவு 10:11

எல்லோருக்கும் நன்றி. இவ்வளவு பதில் வருமென்று நினைக்கவில்லை.

நாவும் செவியும் மேடம், ஸ்பின்னிங்கில் ரிங் ஃப்ரேம் பகுதி, நூல் நூற்கும் மெஷின்கள் ஓடும் இடம். ஃபிட்டர். 31 வருஷம், மூன்று ஷிப்டும் மாறி மாறி. காதில் பஞ்சு வைத்துக்கொண்டு போவார், அவ்வளவுதான். அண்ணனிடம் கேட்டேன், சவுண்ட் 62ல் இருக்கிறதாம். 100தான் கடைசி. போனில்... நீங்கள் கேட்ட பிறகுதான் யோசித்தேன். ஆறேழு மாதமாக "நல்லா இருக்கியா? சரி, இந்தா அண்ணன்கிட்ட பேசு" என்று கொடுத்துவிடுகிறார். என் மேல் ஏதோ கோபம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

#14 நாவும் செவியும் | 7 ஜூன், காலை 6:40

நினைத்தேன்.

ரிங் ஃப்ரேம் ஓடும் கூடத்தில் 90 டெசிபலைத் தாண்டுவது சாதாரணம். அதில் 31 வருஷம் நின்ற காதில் முதலில் போவது உச்ச சுருதி ஒலிகளைக் கேட்கும் திறன். பஞ்சு வைத்ததால் பெரிய பயன் இல்லை. இப்படிப்பட்டவர்களுக்குச் சத்தமே கேட்காது என்று நினைக்காதீர்கள். சத்தம் கேட்கும், சொல் புரியாது. உயிரொலி கேட்கும், க, ச, ப, த மாதிரி மெல்லிய தொடக்கங்கள் நழுவிவிடும். "காப்பி"யில் ஆவும் இயும் அவர் காதில் விழுந்திருக்கின்றன. மிச்சத்தை அவரே நிரப்பிக்கொண்டார், "சாவி" ஆகிவிட்டது. சாவிக்குச் சரியான பதிலும் சொல்லியிருக்கிறார், கவனித்தீர்களா?

டீக்கடையில் நாலு பேர் சேர்ந்து பேசும் இடத்தில் அவரால் தொடர முடியாது. இரண்டு தடவை "என்ன?" என்று கேட்பார், மூன்றாவது தடவை கேட்கக் கூச்சமாக இருக்கும், சும்மா சிரித்து வைப்பார். அப்புறம் போவதையே நிறுத்துவார். டிவியில் அந்தத் தொல்லை இல்லை. 62 வைத்தாலும் அது கோபித்துக்கொள்ளாது, உதட்டைப் பெரிதாகக் காட்டுகிறது, கீழே எழுத்தும் ஓடுகிறது.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள், ஆடியோகிராம் எடுப்பார்கள், எந்தச் சுருதி எவ்வளவு கேட்கிறது என்று கோடு போட்டுக் காட்டும் சோதனை. ஒருவேளை அழுக்கடைப்பாகக்கூட இருக்கலாம், முதலில் அதைப் பார்ப்பார்கள். காது சரியான பிறகும் மறதி தெரிந்தால் அப்போது நரம்பியல் மருத்துவர். பி12, தைராய்டு பரிசோதனையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். இங்கே எழுதுவதை வைத்து நான் நோயைத் தீர்மானிக்க முடியாது, அது நேரில் பார்க்க வேண்டிய வேலை.

#15 அளவுகோல் | 7 ஜூன், காலை 10:25

மேடம் எழுதியதைப் படித்துவிட்டு, நேற்று எழுதி வைத்திருந்த பதிலை அழித்துவிட்டேன். டிவியில்லா வீட்டார் கேட்டதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது.

அவர் சொன்ன ஆய்வு 2022ல் வந்தது. டேவிட் ரைக்லன் குழுவினர், பிரிட்டன் மக்களின் தரவு, 1,46,651 பேர், ஏறத்தாழ 12 வருஷத் தொடர்ச்சி. டிவி நேரம் கூடக்கூட டிமென்ஷியா ஆபத்து கூடியது. உடற்பயிற்சி செய்பவர்களிடமும் அதே நிலை. ஆனால் கணினி முன்னால் உட்கார்ந்தவர்களுக்கு ஆபத்து குறைந்தது. இரண்டும் உட்காருவதுதான், ஆனால் ஒன்றில் மனம் எதையாவது தேடுகிறது, மற்றதில் வருவதை வாங்கிக்கொள்கிறது. 2019ல் லண்டனிலிருந்து வந்த இன்னோர் ஆய்விலும், 50 வயதைத் தாண்டிய 3,662 பேரில் தினமும் மூன்றரை மணி நேரத்துக்கு மேல் டிவி பார்த்தவர்களுக்கு ஆறு வருஷத்தில் சொற்களை நினைவில் வைக்கும் திறன் மற்றவர்களைவிட வேகமாகக் குறைந்தது. இதையெல்லாம் நான் தள்ளிவிடவில்லை. என் வீட்டில் அப்பா அம்மாவுக்கு மூன்று மணி நேரம் என்று நானே கணக்கு வைத்திருக்கிறேன்.

ஆனால் சாத்தூராரின் அப்பா அந்த ஆய்வில் இருந்திருந்தால் எந்தக் கட்டத்தில் எழுதியிருப்பார்கள்? "தினமும் 12 மணி நேரம் டிவி." ஐந்து வருஷம் கழித்து மறதி வந்தால் டிவியின் கணக்கில் ஏறும். காது போனதும், டீக்கடை நின்றதும், மனைவி போனதும் அந்த எண்ணுக்குள் மறைந்துவிடும். ஆய்வாளர்கள் இதைச் சரிக்கட்ட முயல்வார்கள்தான், முழுசாக முடியாது. லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் 2024ல் டிமென்ஷியாவுக்குத் தவிர்க்கக்கூடிய காரணங்கள் என்று 14 பட்டியலிட்டது. காது கேளாமை இருக்கிறது, தனிமை இருக்கிறது, உடலை அசைக்காமல் இருப்பது இருக்கிறது. டிவி இல்லை.

#16 டிவியில்லா வீடு | 7 ஜூன், பகல் 12:50

காது விஷயம் எனக்குத் தோன்றவில்லை. முதலில் வெட்டச் சொன்னது அவசரம்தான், ஒப்புக்கொள்கிறேன்.

ஆனாலும் 12 மணி நேரம் 12 மணி நேரம்தான். காது சரியானாலும் அவரை எழுப்பி நடக்க வையுங்கள். எங்கள் வீட்டுக்கு டிவி வராது, அதில் மாற்றம் இல்லை.

#17 பழைய ஆன்டெனா | 7 ஜூன், பகல் 1:05

அடடா, இந்தத் தளத்தில் ஒருவர் ஒப்புக்கொண்டு பார்த்தது இதுதான் முதல் தடவை. ஷட்டரைத் திறந்துவிட்டுச் சொல்கிறேன், வாழ்க. நானும் காது பார்த்துக்கொள்ளலாம் என்றிருக்கிறேன். வீட்டம்மா சொல்வது சில நாளாகச் சரியாக விழுவதில்லை. அது காதா, 41 வருஷப் பழக்கமா என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

#18 கவின் அம்மா | 15 ஜூன், இரவு 8:44

காது பரிசோதனை நார்மல். பேச்சுப் பயிற்சி வாரம் இரண்டு நாள் போகிறோம். காலைச் சாப்பாடு டிவி இல்லாமல், மாடியில். நேற்று "காக்கா தா" என்றான். காக்காவை எப்படிக் கொடுப்பது என்று தெரியவில்லை, ஆனால் கேட்டுவிட்டான்.

#19 சாத்தூரான் | 2 ஜூலை, இரவு 9:57

தாமதத்துக்கு மன்னிக்கவும். இரண்டு வார லீவு போட்டு ஊருக்கு வந்து நானே கூட்டிப்போனேன்.

முதலில் வர மாட்டேன் என்றார். "எனக்குக் காது நல்லாத்தான் கேக்குது, நீங்கதான் வாய்க்குள்ள பேசுறீங்க" என்றார். ஒருவழியாக அழைத்துப் போய் ஆடியோகிராம் எடுத்தோம். மேடம் சொன்னதுதான். கோடு இடப்பக்கம், தாழ்ந்த சுருதியில், பரவாயில்லை, வலப்பக்கம் உச்ச சுருதிக்குப் போகப்போகப் படிக்கட்டு மாதிரி இறங்குகிறது, இரண்டு காதிலும். ஞாபகத்துக்கும் கேள்வி கேட்டுச் சோதித்தார்கள், அவர் வயதுக்குச் சரியாக இருக்கிறதாம். ஆறு மாதம் கழித்து மறுபடி பார்க்கச் சொன்னார்கள்.

காது மிஷின் போட்டு ஒன்பது நாள் ஆகிறது. முதல் நாள் வீட்டுக்கு வந்ததும் மின்விசிறியை நிமிர்ந்து பார்த்து, "இது எப்ப இருந்து இப்படிக் கத்துது?" என்றார். அப்புறம் வழக்கம்போல் சீரியலைப் போட்டார். அண்ணி சவுண்டை 20ல் வைத்தார். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை, "என்னம்மா இது, ஒவ்வொரு வார்த்தைக்கும் டமார் டமார்னு அடிக்கிறானுக? இத்தனை நாளும் இப்படியா இருந்துச்சு?" என்று ரிமோட்டை வைத்துவிட்டார். எட்டரை மணிக்கு மட்டும் ஒரு தொடர் இன்னும் உண்டு. அதில் அந்தப் பெண்ணுக்குக் கல்யாணம் ஆகும் வரை விட முடியாதாம்.

நேற்று டீக்கடைக்குப் போனார். எங்களுக்கெல்லாம் ஒரே சந்தோஷம். அரை மணி நேரத்தில் திரும்பிவிட்டார். மிஷினைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டிருந்தார். என்ன ஆச்சு என்று கேட்டால், "அந்த மூணு பேரும் என் காதுகிட்ட வந்து கத்துறானுகப்பா. தலை விண்ணுங்குது. ஒருத்தனுக்கும் காது கேக்காது போல" என்கிறார்.

#20 நாவும் செவியும் | 3 ஜூலை, காலை 6:30

அந்த மூன்று பேரும் எந்தப் பகுதி? ரிங் ஃப்ரேமா? அடுத்த தடவை போகும்போது அவர்களையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போங்கள்.